சாகாத றால்குஞ்சுகள்

கஷாயத்தில் விட்ட றால்குஞ்சு ஒன்றுகூடச் சாகவில்லை. நிவேதனாவுக்கு முதலில் அது சந்தோஷமாகத்தான் இருந்தது. அவள் சோதிக்கிற பச்சிலைக் கஷாயத்தில் நஞ்சிருந்தால், உப்புத்தண்ணீரில் துள்ளும் அந்தப் பொடி இறால் குஞ்சுகள் அடுத்த நாளே செத்து மிதக்கும். மிதக்கவில்லை.

ஆனால் கஷாயம் கலக்காத கிண்ணத்தில் இருந்தவை வழக்கம்போலச் சில நாளில் செத்துப்போயிருந்தன. கஷாயத்தில் கிடந்தவை மட்டும் ஒன்றையொன்று விழுங்கித் தடித்து, பால் ஆடைபோல ஒரு தோலுக்கு அடியில் நெளிந்துகொண்டிருந்தன. கோப்பாயில் மத்தியானமே இருட்டிக்கொண்டு மழை. ஆய்வுகூடத்தில் கரண்டும் இல்லை. அவித்த இலையும் அழுகிய மீன்குடலும் சேர்ந்த வாடை, யன்னலைத் திறந்தும் போகாமல், மூக்கால் இறங்கி நாக்கின் அடியில் வழுவழுவென்று ஒட்டிக்கொண்டது. சீ, என்ன அருவருப்பு.

நிவேதனாவுக்குக் கல்யாணமாகிக் கனகாலத்துக்குப் பிறகு தரித்த பிள்ளை. மூன்றாம் மாசம். காலையில் வயிற்றுக்குள் ஏதோ துடித்தது. இவ்வளவு கெதியாக, மூன்று மாசத்திலேயே துடிக்குமா என்று யோசித்தாலும், ஆசையில் புருசனுக்கு உடனே போன் எடுத்துச் சொல்லியிருந்தாள்.

குருநகரிலிருந்து கடல்தண்ணீர் கொண்டுவரும் உதவியாளன் றொகான், மீன்வாடையிலேயே வளர்ந்தவன், மூக்கைப் பொத்தினான்.

"அக்கா, உதைக் கொட்டுவம். நான் காணாத றாலே? உது றாலில்லை, கஷாயத்திலை கிடந்த வேறை ஏதோ. மிச்சக் கஷாயம் எங்கை?"

மருந்தைக் கொட்டினால் நோய் வருத்தம் திரும்பி வரும் என்பது நிவேதனாவின் வீட்டு நம்பிக்கை. மசக்கைக்கு ஊரே குடிக்கிற பச்சிலைதானே என்று, சோதனை முடியுமுன்னரே, மிஞ்சியதைத் தினமும் அவளே குடித்துவந்தாள். சத்தியும் ஓங்காளமும் நின்றுவிட்டன. படித்த புத்தி எங்கே போனதோ.

"குடிச்சிட்டன்."

றொகான் போன் லைற்றைக் கிண்ணத்தில் பிடித்தான். வெளிச்சம் கண்டால் றால்குஞ்சு அந்தப் பக்கம் ஓடும். இவையும் ஓடின. தோலைக் கிழித்துக்கொண்டு, விளிம்பில் ஏறி.

அவள் வயிற்றில் மறுபடி துடித்தது.

போனைப் பறித்தாள். சுவர்ப்பக்கம் திரும்பினாள். சட்டையை உயர்த்தினாள்.

அடிவயிற்றில் போன் லைற்றின் வெள்ளை வட்டம். விலாவுக்குக் கீழே தோல் புடைத்தது. ஒரு மேடு. பக்கத்தில் இன்னொன்று. பிறகு இடுப்பைச் சுற்றி எல்லா இடமும். வழுக்கிக்கொண்டு, ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டு, வெளிச்சத்தை நோக்கி வந்தன.

பிள்ளை துடித்ததாக அவள் நினைத்த இடத்திலிருந்து வந்ததுதான் எல்லாவற்றிலும் பெரியது.