இரண்டு நிமிடத்துக்கான மாற்று ஒலி

பல் துலக்கும்போது நவநீதன் பதினேழாம் வாய்ப்பாடு சொல்வான். வாயில் நுரை இருந்தாலும் கணக்கில் சேரும் என்பதை இந்த ஒன்றரை ஆண்டில் கண்டுபிடித்திருந்தான். பதினேழு ஐந்து எண்பத்தைந்து. பதினேழு ஆறு நூற்றிரண்டு. துப்புவதற்காக நிறுத்தினால் போதும், வாய் கொப்பளித்து நிமிர்வதற்குள் காதுக்குள் குரல் வந்துவிடும்.

"நவநீதன், அமைதியா இருக்கீங்க. மனசுல என்ன ஓடுது?"

"ஒண்ணும் ஓடல. நல்லா இருக்கேன்."

"கேட்க சந்தோஷமா இருக்கு. இன்னைக்கு உங்களுக்கு ஒரு நல்ல செய்தி சொல்லட்டுமா?"

"பதினேழு ஏழு நூத்திப் பத்தொன்பது," என்றான் நவநீதன். குரல் அடங்கியது.

பேருந்திலும் இதே கதைதான். பக்கத்து இருக்கைப் பெண் காய்கறிப் பட்டியலை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். முன்னால் இருந்தவர் கடைப் பலகைகளை ஒன்று விடாமல் படித்தார். ஒருவர்கூட இன்னொருவரிடம் பேசவில்லை. ஆனால் ஒருவர் வாயும் ஓயவில்லை.

அரசாணையில் அதன் பெயர் துணைக்குரல். ஊருக்கு அது காம்பி. காதுக்குள் ஆமணக்கு விதை அளவில் ஒரு மணி. பூட்டிய வீடுகளுக்குள் யாரும் அறியாமல் பிணங்கள் கிடந்த அந்த மூன்று மோசமான ஆண்டுகளுக்குப் பிறகு தனிமைத் தடுப்புச் சட்டம் வந்தது. நாற்பது நொடிக்கு மேல் ஒருவர் பேசாமலும் தனக்கான பேச்சைக் கேட்காமலும் இருந்தால் காம்பி பேசும். பதில் இல்லாவிட்டால் ஆள் அனுப்பும். கழற்றி வைத்தால் அரை மணி நேரத்தில் வாசலில் ஆள் நிற்கும்.

நாற்பது நொடி என்பது பொதுக் கணக்கு. துக்கப் பதிவேட்டில் பெயர் ஏறியவர்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை பதினைந்து நொடிதான்.

நவநீதனின் மனைவி மகிழினி விமானி. ஆளில்லா விமானங்களைச் சோதிப்பதற்காக இன்னும் தாங்களே ஏறிப் பறந்துகொண்டிருந்த ஒன்பது பேரில் ஒருத்தி. கடலுக்கு மேல் போன விமானம் திரும்பவில்லை. அன்று முதல் அவளைப் பற்றிய ஒரு நினைவையும் அவனால் கடைசிவரை நினைத்து முடிக்க முடிந்ததில்லை. பதினைந்து நொடிக்குள் முடிகிற நினைவு எது இருக்கிறது? அந்தக் கடைசிக் காலையையே எடுத்துக்கொள்ளலாம். விடியும் முன் எழுந்தாள். ஒற்றைச் சாக்ஸைத் தேடினாள், கிடைக்கவில்லை, அவனுடையதில் ஒன்றை மாட்டிக்கொண்டாள். நின்றபடியே தேநீர் குடித்தாள். கேட்டைத் திறந்தாள். பிறகு எதற்கோ திரும்ப உள்ளே வந்தாள்.

"நவநீதன், மனசுல என்ன ஓடுது?"

ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில்தான் அறுந்தது.

செங்கரடு வான்படை அருங்காட்சியகத்தில் அவன் நிகழ்ச்சி அலுவலர். மூடப்பட்ட பழைய ஓடுபாதை, ஒரு கொட்டகை, பதினோரு விமானங்கள், தொப்பியும் சாவிக்கொத்தும் விற்கிற ஒரு கடை. பள்ளிகளுக்கு மாதிரி விமானப் போட்டி, வான்படை நாளில் கண்காட்சி, செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு நினைவு நாள். நினைவுச் சுவரில் நாற்பது பெயர்கள் இருந்தன. இந்த ஆண்டு நாற்பத்தொன்றாவது பெயரை வெட்டி நீலத் துணி போட்டு மூடியிருந்தார்கள்.

நினைவு நாளில் முன்பெல்லாம் இரண்டு நிமிட மௌனம் இருந்ததாம். சட்டம் வந்ததும் அதற்குப் பதில் 'மாற்று ஒலி' என்று ஒன்றை வைத்தார்கள். சென்ற ஆண்டு மழைச் சத்தம் போட்டான். மனிதக் குரல் இல்லாததால் காம்பிகள் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. நாற்பதாவது நொடியில் முந்நூறு பேர் காதிலும் ஒரே நேரத்தில் விசாரணை தொடங்கியது. முந்நூறு பேரும் தலை குனிந்து நின்று, நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்று முணுமுணுத்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் பிரார்த்தனை என்று நினைத்திருப்பார்கள்.

இந்த ஆண்டு அவன் மௌனத்துக்கு விலக்கு கேட்டு மனு போட்டான். அது திரும்பி வந்தது. காரணம் விளக்கி மறுபடியும் போட்டான். அதுவும் வந்தது. மூன்றாவது மனு திரும்பியபோது மாவட்டத் தனிமைத் தடுப்பு அலுவலர் சேந்தன் தாமே அழைத்தார். அவருடைய பொறுமை நவநீதனுக்கு எரிச்சலாக இருந்தது.

"படிவத்துல ஒன்பதாவது கட்டம் காலியா இருக்குதுங்க சார். மாற்று ஒலின்னு போட்ட இடம்."

"எனக்கு ஒலி வேண்டாமுங்க. அதுக்குத்தான் மனுவே."

"மௌனம்னு எழுத இந்தப் படிவத்துல கட்டமே இல்லீங்களே."

"ரெண்டே நிமிஷம் சார்."

சேந்தன் தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார். கதவை உடைத்துத்தான் அவர் உடலை எடுத்தார்களாம். அவர் கதவைச் சாத்திக்கொண்டு பதினொரு நாள் ஆகியிருந்ததாம். "அவருக்கும் மொதல்ல ரெண்டு நிமிஷம்தான் வேண்டியிருந்திருக்கும்," என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

அழைப்பு முடிந்து திரும்பினால் வாசலில் ரோஸ்லின் அக்கா நின்றிருந்தாள். வான்படையில் இருபத்தைந்து வருடம் எஞ்சின் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். இங்கே ஒப்பந்த வேலை. வீட்டில் கணவர், மாமனார், இரண்டு மகன்கள், மருமகள், பேத்தி, அவளையும் சேர்த்து ஏழு பேர். அத்தனை பேர் காதிலும் காம்பி. கொட்டகையில் மோழை என்று எல்லோரும் அழைக்கிற மொண்ணை மூக்குச் சரக்கு விமானம் ஒன்று இருக்கிறது. வலது எஞ்சினில் கொண்டைக்குருவி கூடு கட்டிவிட்டது. இடது எஞ்சின் மட்டும் ஓடும். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, பார்வையாளர் யாரும் வருவதற்கு முன்பாக, ரோஸ்லின் அக்கா தனியாக ஏறி உட்கார்ந்து அதை ஓட்டிப் பார்ப்பாள். அந்த நேரத்தில் பக்கத்தில் யாரையும் விடமாட்டாள்.

"ஏனுங் தம்பி, இந்த வருசமாச்சும் நெனவு நாளைக்கு மோழைய ஓட்டலாமுங்களா?"

நான்கு ஆண்டுகளாக அதே கேள்வி. முன்பு நினைவு நாளில் எஞ்சின் ஓட்டம் இருந்தது. பொறுப்பேற்ற முதல் வேலையாக நவநீதன்தான் அதை நிகழ்ச்சிப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டான். இந்தக் காலத்தில் வண்டிகளுக்குச் சத்தம் கிடையாது, ஆலைகளில் ஆள் கிடையாது, மேடைப் பேச்சுகூடக் காம்பி வழியாகத்தான் வருகிறது. அப்படிப் பழகிய காதுகளுக்கு நடுவே இதை ஓட்டினால் புகார் வந்து குவியும் என்று பயந்தான்.

"மௌனம் வேணும்னு மூணு மாசமா அலையறேன். நீங்க சத்தத்தைத் தூக்கிட்டு வர்றீங்க."

"ஓட்டிப் பாருங்களேன்."

"எதுக்குன்னு சொல்லுங்க."

அவள் தன் காதைத் தொட்டுக்காட்டினாள். உதட்டைப் பிதுக்கினாள். "அதெல்லாஞ் சொல்றதுக்கில்லீங்க," என்றாள். "வேணும்னா வெச்சுக்கோங்க, வேண்டாட்டி விடுங்க. நீங்க ஆபீசரு. நாம்பாட்டுக்கு ஸ்பானர் புடிக்கிறவ."

காம்பி கேட்டுக்கொண்டிருக்கும்போது சொல்ல முடியாத எதையோ சொல்கிறாள் என்று அப்போது அவனுக்கு உறைக்கவில்லை. கிண்டல் என்றுதான் நினைத்தான். வந்த ஆத்திரத்தில் படிவத்தை எடுத்து ஒன்பதாவது கட்டத்தில் எழுதினான்: விமான எஞ்சின் ஓட்டம், இரண்டு நிமிடம். ஒலி கேட்டார்கள் அல்லவா, கேட்கட்டும். பத்தே நிமிடத்தில் ஒப்புதல் வந்தது. நல்ல தேர்வு என்று சேந்தன் கீழே ஒரு வரியும் சேர்த்திருந்தார்.

ஞாயிறு காலை முந்நூறு பேருக்குக் கொஞ்சம் அதிகமாகவே கூட்டம். கயிற்றுக்குப் பின்னால் முதல் வரிசையில் சேந்தன். ஓய்வுபெற்ற வான்படை வீரர்கள் பதக்கங்களோடு நாற்காலிகளில். நாற்பத்தொரு பெயர்களும் வாசிக்கப்பட்டன. கடைசிப் பெயர் வந்தபோது நீலத் துணியை இழுத்தார்கள். நவநீதன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பதினேழு பன்னிரண்டு இருநூற்று நான்கு.

மோழையை வெளியே இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, மூக்கைச் சுவருக்கு நேராக நிறுத்தியிருந்தார்கள். விமானியின் இருக்கையில் ரோஸ்லின் அக்கா. தீயணைப்பான்களோடு இரண்டு பேர். எதிரே சைகை காட்டுகிற இடத்தில் நவநீதன். இரண்டு நிமிடம் ஆனதும் அவன் கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுக்க வேண்டும், அவள் எஞ்சினை நிறுத்துவாள். அவ்வளவுதான் அவன் வேலை.

விசிறி ஒரு முறை தயங்கிச் சுழன்றது. புகை கக்கியது. பிறகு பிடித்துக்கொண்டது. தரை அதிர்ந்தது. முன்வரிசைக் குழந்தைகள் காதைப் பொத்தினார்கள். சத்தம் ஏறி ஏறி, இனி தாங்காது என்ற இடத்துக்கு வந்தபோது, அவன் காதுக்குள் காம்பி மெல்ல உப்பியது. ஊதிய பலூனைப் போலக் காதை முழுக்க அடைத்தது. ஒரு சின்ன மணியோசை. "நூறு டெசிபல். செவிக்காப்பு விதிப்படி தற்காலிகமாக நிறுத்தப்படுகிறது," என்றது. பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

சத்தம் மார்புக்கூட்டில் மட்டும் இருந்தது. தலைக்குள் எதுவும் இல்லை.

பதினைந்து நொடி ஆனது. வழக்கப்படி அவன் பதிலைத் தயாராக வைத்திருந்தான். கேள்வி வரவில்லை. முப்பது ஆனது. கயிற்றுக்குப் பின்னால் முந்நூறு உதடுகளும் ஒவ்வொன்றாக நின்றன. யாரும் யாரையும் பார்க்கவில்லை. விமானிக் கூண்டின் கண்ணாடிக்குப் பின்னால் ரோஸ்லின் அக்கா கண்ணை மூடியிருந்தாள். அவளுடைய எல்லாச் சனிக்கிழமைகளும் அவனுக்குப் புரிந்தன. நான்கு ஆண்டுகளாகத் தன் கையாலேயே எதை அடித்துக்கொண்டிருந்தோம் என்பதும் புரிந்தது.

பதினேழாம் வாய்ப்பாட்டைத் தேடினான். அது வரவில்லை. காலைதான் வந்தது.

ஒற்றைச் சாக்ஸ். தேநீர். கேட். திரும்ப உள்ளே வருகிறாள். படுக்கையறை வாசலில் நிற்கிறாள். முந்தின நாள் தண்ணீர் மோட்டாரை நிறுத்த மறந்தது யார் என்று சண்டை. அவன் விழித்துத்தான் இருக்கிறான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தூங்குகிறவனைப் போல மூச்சு விடுகிறான். அவள் நிற்கிறாள். "நவா," என்கிறாள், மிக மெல்ல. அவன் பதில் சொல்லவில்லை. மின்விசிறியை ஒரு எண் குறைத்துவிட்டுப் போகிறாள். விடியற்காலையில் அவனுக்குக் குளிரும் என்று அவளுக்குத் தெரியும்.

அவ்வளவுதான் அந்த நினைவு. பதினைந்து நொடிதான் அதை முடிக்கவிடாமல் செய்தது என்று நினைத்திருந்தான். உண்மையில், கேட் வரை வந்ததும் ஒவ்வொரு முறையும் வாய்ப்பாட்டைக் கையிலெடுத்தது அவன்தான்.

இரண்டு நிமிடம் ஆகிவிட்டது. ரோஸ்லின் அக்கா கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். அவன் கை தொடையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் காத்திருந்தாள். கயிற்றுக்குப் பின்னால் ஒரு பெண் மடங்கித் தரையில் உட்கார்ந்தாள். பதக்கக்காரர் ஒருவர் வாயைத் திறந்து ஏதோ கத்தினார், யாருக்கும் கேட்கவில்லை. சேந்தன் இரண்டு கைகளாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூடிய கதவின் முன் நிற்பவரைப் போல நின்றார். அவர் நினைத்தால் நிறுத்தச் சொல்லியிருக்கலாம். கையசைத்திருந்தால் போதும். அவர் அசைக்கவில்லை.

எரிபொருள் தீர்ந்துதான் எஞ்சின் நின்றது. ஏழு நிமிடம். விசிறி கடைசிச் சுற்றுகளைத் தனித்தனியாகச் சுற்றியது. காதுக்குள் அடைப்பு மெல்லத் தளர்ந்தது. கூட்டம் முழுக்க, ஒருவர் பின் ஒருவராக, அந்தச் சின்ன மணியோசை.

"நவநீதன், ஏழு நிமிஷமா உங்க குரல் கேட்கல. நல்லா இருக்கீங்களா?"

சுவரில் நாற்பத்தொன்றாவது பெயரை அப்போதுதான் பார்த்தான். கல்லை வெட்டிய பொடி, எழுத்துகளின் ஓரத்தில் இன்னும் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"இல்ல," என்றான்.