கரகரக்கும் கட்டை

நான்கு பேட்டரிகளையும் கழற்றி ஜன்னலில் வைத்த பிறகும் அந்தச் சின்ன கீபோர்டு இரைந்துகொண்டிருந்தது. ராசு காதை அருகே கொண்டுபோனான். தகரக் குழாய்க்குள் வண்டு மாட்டிக்கொண்டதுபோல மெல்லிய இரைச்சல்.

காலையில்தான் ஊட்டியில் வாங்கியது. நடுவட்டம் தேயிலை ஃபாக்டரியில் எலக்ட்ரீஷியன் அவன். ரோலர்கள் அரைத்துக் கொட்டும் சத்தத்தைப் பாட்டாக்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. மயில்சாமியின் பழைய சாமான் கடையில் இரண்டு கீபோர்டுகள் இருந்தன. ஒன்று புல்லாங்குழல்போல இனித்தது. மலிவான மற்றது ஒவ்வொரு கட்டையிலும் கரகரத்தது.

"ஏனுங்க, இது தொண்டை கட்டுனாப்ல இருக்குதுங்க. அந்த இன்னொன்னையே எடுத்துக்குங்க," என்றார் மயில்சாமி.

"எனக்கு இந்தக் கரகரப்புதாங்க வேணும்."

கூட வந்த பழனியாண்டி அந்தச் சத்தம் கேட்டதும் கடையை விட்டு வெளியே போய்விட்டான். பஸ்ஸில் கீபோர்டை விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தான்.

இருவரும் சிலோன் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்தில், அடுத்தடுத்த வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். எழுபத்தி நாலில் ராசு இந்தியாவுக்குக் கப்பலேறினான். அண்ணன் அழகையா பின்னால் வருவதாக ஏற்பாடு. இரண்டு வருடம் கழித்து வந்து சேர்ந்தது பழனியாண்டிதான். "ஒங்கண்ணன் வரமாட்டாராம். மறந்துடச் சொன்னாரு," என்றான். போட்ட கடிதங்களுக்கும் பதில் இல்லை. ராசு அண்ணனை வெறுத்தான். பழனியாண்டியை வீட்டிலேயே வைத்துக்கொண்டான். ஆறு வருடம்.

பகல் மூன்று மணிக்கே பனிமஞ்சு இறங்கி வாசலை மூடியிருந்தது. ஈரக் கம்பளி வாடையும் அடுப்புப் புகையும் அறையில் கனத்துக் கிடந்தன. ராசு ஒரு கட்டையை அழுத்தினான். இரைச்சல் தடித்தது. அடுத்த கட்டை. மூச்சு. மண்ணுக்கடியிலிருந்து யாரோ இழுக்கும் மூச்சு. விரலை எடுத்தான். நிற்கவில்லை.

"சின்னராசு."

அப்படி அவனைக் கூப்பிட்டவர் ஒருவர்தான்.

மூலையில் உட்கார்ந்திருந்த பழனியாண்டி சுவரோடு ஒடுங்கினான். "அத நிறுத்துடா."

"அண்ணன் கொரல்டா இது."

"பொட்டிய... தொற," என்றது கீபோர்டு.

அறையில் இருந்தது ஒரே பெட்டி. பழனியாண்டியின் தகரப்பெட்டி, எப்போதும் பூட்டியே கிடப்பது. ராசு சுத்தியலால் பூட்டை உடைத்தான். பழனியாண்டி தடுக்கவில்லை. பழைய வேட்டிக்கு அடியில் பாஸ்போர்ட். பெயர் அழகையா. அப்பா பெயரும் தோட்டமும் அண்ணனுடையவை. ஒட்டியிருந்த படம் மட்டும் பழனியாண்டி.

"அண்ணன என்னடா செஞ்ச?"

"இந்தியா வர எனக்குப் பேப்பர் கெடைக்கல. கெஞ்சினேன். தரமாட்டேன்னாரு."

"ஆறு வருசம் என் கையால சோறு தின்னியேடா."

"தேயிலைச் செடிக்கு அடியில..." என்று தொடங்கிய பழனியாண்டியின் வாய் மூடவில்லை.

கீபோர்டு அடங்கியது. அதே இரைச்சல் இப்போது அவன் தொண்டைக்குள். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தினான். விரலிடுக்கில் ஈரமண் கசிந்தது. வேர்த்துண்டு. மறுபடி மண். தாடை அகன்றது. இன்னும் அகன்றது. கண்கள் ராசுவைக் கெஞ்சின.

உள்ளிருந்து, நகமெல்லாம் மண் அப்பிய ஒரு கை மெல்ல வெளியே வந்து, தம்பியை நோக்கி நீண்டது.