கூடுதலாகப் பதினொன்று

மூன்று மணிக்கு மேல் அளவு பதினொன்று கூடியது.

ஜன்னல்களை அடைத்து, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, வழியும் வியர்வையைத் துண்டால் ஒற்றியபடி இசைப்பிரியா கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை அடியோடு ஒட்டிக் கிடந்த பச்சைக் கோடு மெல்ல எழுந்து பதினொன்றில் நின்றது. நாற்பது நிமிடம் அப்படியே நின்றுவிட்டு இறங்கியது. மூன்று நாளாக இதே கதைதான்.

மேஜை மேல் இருந்தது கடுகளவு சில்லு. அதற்குள் இரண்டு நுண்ணிய தகடுகள்; நடுவே தலைமுடியின் பருமனில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளி. சில்லு சாய்ந்தால் அந்த இடைவெளி மாறும், தகடுகள் தாங்கும் மின்னூட்டமும் மாறும். அந்த மாற்றத்தைப் பிழையில்லாமல் அளந்துவிட்டால், சுரங்கச் சரிவில் மண் நகரத் தொடங்குவதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். துல்லியத்தைக் கூட்டுவதுதான் நான்கு வருடமாக அவள் செய்யும் ஆராய்ச்சி. தொல்லை என்னவென்றால், இத்தனை நுணுக்கமான கருவி வேண்டாததையும் அளந்துவிடும். வெயில் ஏறினால் மாறும். ஒயர் அசைந்தால் மாறும். பக்கத்தில் ஆள் வந்து நின்றாலே போதும், அந்த உடம்பும் ஒரு தகடாகிக் கணக்கைக் கெடுத்துவிடும். ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து விலக்க வேண்டும்.

வழிகாட்டிப் பேராசிரியர் கருணாகரனுக்கு போன் செய்தாள்.

"ரூம் சூடு பாத்தீங்களாம்மா?"

"அதெல்லாம் கழிச்சுட்டேன் சார்."

"அப்ப பக்கத்துல யாரோ நிக்கிறாங்க. வேற ஒண்ணும் இல்ல."

"வீட்டுக்காரர் மத்தியான ஷிப்ட் போயிட்டார், வீட்ல நான் மட்டும்தான் சார் இருக்கேன்."

அவர் பேச்சை மாற்றினார். மகள் அபி போன விஷயம் அவருக்கும் தெரியும். "செம்புத் தகட்டுல ஒரு பெட்டி பண்ணி மூடிப் பாருங்க. எர்த் நல்லா குடுங்க," என்று சொல்லி வைத்துவிட்டார்.

மந்தாரக்குப்பத்தில் தகடு வாங்கிவந்து அவளே பெட்டி செய்தாள். மறுநாள் மூன்று மணிக்குக் கோடு நான்குதான் ஏறியது. மனசு கொஞ்சம் லேசானது. அப்போதுதான் முன்னறையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. சளி பிடித்த மூக்கால் யாரோ கஷ்டப்பட்டு மூச்சிழுப்பதுபோல, விட்டுவிட்டு, ஈரமாக. எழுந்து போய்ப் பார்த்தாள். வெயிலில் காய்ந்த சுவரின் சுண்ணாம்பு வாடையைத் தவிர அங்கே எதுவும் இல்லை.

எர்த் ஒயரை மாற்றினாள். அதற்கடுத்த நாள் ஒன்றுதான் ஏறியது. மூச்சுச் சத்தம் இப்போது பின்கதவுக்கு வெளியிலிருந்து வந்தது. கதவின் அடிப்பாகத்தை நகத்தால் சுரண்டும் சத்தமும்.

மறுநாள் காலை, மத்தியான ஷிப்டோடு நைட் ஷிப்டும் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்த கணவன் நெடுமாறன், சாப்பிடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஃபேன் கூட போடாம எதுக்கு இப்டி ஒக்காந்துகினு கீற? கொஞ்ச நாளைக்கு மேல்பட்டாம்பாக்கம் போலாம் வா. நம்ம வூட்ல நாலு பேரு இருப்பாங்க."

"இந்த ஒரு அளவ முடிச்சிட்டு வரேங்க."

"முடிச்சு?"

அவள் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மத்தியானம் ஓய்வூதிய விஷயமாகத் தன் அப்பாவைப் பண்ருட்டிக்கு அழைத்துப் போக வேண்டும் என்று கிளம்பிப் போனான்.

பிழையின் பழைய வரலாற்றைப் பார்க்கலாமென்று போன வருடத்துக் குறிப்பேட்டை எடுத்தாள். ஆகஸ்ட் மாதத்துப் பக்கத்தில், ஓரத்தில், அவளுடைய கையெழுத்து:

'3.10. கூடுதலாக 11. அபி ஸ்கூல் விட்டு வந்து மேஜைகிட்ட நிக்கிறா. நீக்கவும்.'

அடுத்த பக்கத்திலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். 'அபி. 11. நீக்கவும்.' ஒரு பக்கத்தில் 'எவ்வளவு சொன்னாலும் கேக்க மாட்டேங்கிறா' என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தாள். செப்டம்பர் முழுக்க அபி இருந்தாள். அக்டோபரில் மூன்றே நாள் காய்ச்சல். ஐந்து வயதுப் பிள்ளை. அதன் பிறகு எல்லாப் பக்கங்களும் சுத்தமாக இருந்தன.

குறிப்பேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நகராத பிள்ளையைத் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்திய மத்தியானங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. இப்போதும் அதைத்தான் செய்திருக்கிறாள். பெட்டி போட்டு. ஒயர் மாற்றி.

மணி மூன்றானதும் பின்கதவில் மறுபடி சுரண்டும் சத்தம் கேட்டது. எழுந்தாள். செம்புப் பெட்டியைத் தூக்கி வீசினாள். எர்த் ஒயரைப் பிடுங்கினாள். பின்கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அபி, அம்மா இனிமே திட்ட மாட்டேன். உள்ள வாடா கண்ணு."

வெளியே சுரண்டல் நின்றது.

கோடு ஒன்றுக்கு வந்தது. நான்கு. ஏழு. மூச்சுச் சத்தம் சமையலறையைக் கடந்தது. பதினொன்று.

"இன்னும் கிட்ட வா."

பதினைந்து. இருபத்திரண்டு.

மடியில் கனம் ஏறியது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் காய்ச்சலன்று ஆட்டோவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அதே கனம், பதினைந்து கிலோ, அவளைப் பார்த்தபடி கால்களை இருபுறமும் போட்டு உட்கார்ந்து தோளில் தலை சாய்த்தது. கன்னத்தில் முடி உரசியது. இசைப்பிரியா இறுகக் கட்டிக்கொண்டாள். ஏழு மாதத்தில் முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். ஸ்கூலைப் பற்றிக் கேட்டாள், பசிக்கிறதா என்று கேட்டாள், அப்பா இப்போது வந்துவிடுவார் என்றாள்.

பதில் இல்லை. மூச்சு மட்டும். கழுத்தில் பட்ட அந்த மூச்சில் சூடு இல்லை.

கோடு அறுபதைத் தாண்டியது.

தொடைகள் மரத்துப்போயின. நாற்காலிக் கால் முனகியது. இது பதினைந்து கிலோ இல்லை. முப்பது. நாற்பது. தோளில் இருந்த தலை நகர்ந்தது. தோளைத் தாண்டியது. தாடை அவள் முதுகில் இறங்கியது.

தொண்ணூறு. கோடு திரையின் உச்சியை முட்டி நின்றது.

அவளைச் சுற்றியிருந்த கைகள் முதுகுக்குப் பின்னால் சந்தித்தன. ஒன்றையொன்று கடந்தன. விரல்கள் மறுபடி முன்பக்கம் வந்து விலா எலும்பில் பதிந்தன.

அபியின் வாசனை அவளுக்குத் தெரியும். பெற்றவளுக்குத் தெரியாதா? இதற்கு எந்த வாசனையுமே இல்லை.

வாசலில் வண்டி நிற்கும் சத்தம். "இசை," என்று நெடுமாறன் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே வந்தான். செருப்புச் சத்தம் அறை வாசலில் நின்றது. அதற்கு மேல் ஓர் அடிகூட வரவில்லை. அவள் பார்க்க முடியாததை அவன் பார்த்துவிட்டான் என்று அவன் முகத்தில் தெரிந்தது.

"இசை..." நிலைப்படியைப் பிடித்துக்கொண்டான். "வுட்டுடு. அத வுட்டுடு."

கையை எடுத்தால் போதும். எடுக்கலாம்.

எடுக்கவில்லை. வலது கையை மட்டும் தளர்த்தி, பிள்ளையைத் தூங்கவைப்பதுபோல அதன் முதுகைத் தட்டிக்கொடுக்க ஆரம்பித்தாள். மெதுவாகத் தடவிக் கீழே இறக்கினாள். இன்னும் கீழே. நாற்காலிக்குக் கீழே தொங்கியது அவள் கை. விரல் நுனி தரையைத் தொட்டது.

முதுகு இன்னும் முடியவில்லை.