மருதை ஓட்டிய மிலிட்டரி லாரி

"ஆ... ஐயோ... அக்கா...!"

அந்த அலறல் பாலக்கரையில் பாதிப் பேருக்குக் கேட்டிருக்கும்.

அலறியது வெல்டர் தைரியராஜ். தைரியம் பெயரோடு சரி! லாரியின் பின்பக்கத்திலிருந்து குதித்து, ஷெட் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டான்.

"என்ன தைரியா?" கலைமதி ஓடி வந்தாள்.

"பலகை ஆடுதேன்னு பேத்தேன்க்கா... கீழ... கீழ ஒரு ஆளு..."

"ஆளா?"

"எலும்புக்கா! வெறும் எலும்பு!"

வாசலில் நின்ற அழகர்சாமியின் கையிலிருந்து பூசணிக்காய் நழுவியது. விழுந்து சிதறியது. திருஷ்டி கழிந்ததா, சேர்ந்ததா... தெரியவில்லை.

வெளியே பட்டப்பகலில் வானம் கறுத்துக் கிடந்தது.

அது பழைய மிலிட்டரி லாரி. ராணுவம் கழித்துவிட்டதை ஏலத்தில் எடுத்து, மருங்காபுரியில் தன் கல்குவாரிக்கு ஓட்டினார் அழகர்சாமி. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அதன் டிரைவர் மருதை திடீரென்று காணாமல் போனார். 'டீசலைத் திருடி வித்துட்டு ஓடிட்டான்' என்று போலீசில் எழுதிக் கொடுத்தவரும் அழகர்சாமிதான். அன்றிலிருந்து லாரி புளியமரத்தடியில் கிடந்தது. கோழிகள்தான் ஏறி இறங்கின.

அதைத்தான் கலைமதி விலைக்கு வாங்கினாள். பழைய வண்டிகளைப் புதுப்பித்து விற்பது அவள் தொழில். கிரேனில் தூக்கி வந்து, நட்டு நட்டாகப் பிரித்தாள். நீலப் பெயிண்டைச் சுரண்டினால், அடியில் மிலிட்டரிப் பச்சை! ரேடியேட்டர், பிரேக், வயரிங் என்று ஒவ்வொன்றாக உயிர் கொடுத்தாள். இன்று வெள்ளோட்டம். 'பழைய ஓனர் கையால பூசணிக்காய் உடைச்சா ராசிங்க' என்று கூப்பிட்டாள். மனிதர் வெள்ளை வேட்டியில் வந்து இறங்கினார்.

அவருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு.

கலைமதி... மருதையின் மகள்!

ஸ்ரீரங்கத்தில் அவள் அம்மா இருசம்மாள் பூக்கட்டி விற்கிறாள். கழுத்தில் தாலி, நெற்றியில் பொட்டு. 'உன் புருஷன் இருக்கானா, இல்லையா?' என்று யாராவது கேட்டால் அவளிடம் பதில் கிடையாது. பன்னிரண்டு வருஷமாகக் கிடையாது. பாவம்.

அந்த ஒரு பதிலுக்காகத்தான் கலைமதி இந்த லாரியை வாங்கினாள்.

இன்ஸ்பெக்டர் அறிவுமதி வந்து சேர்ந்தபோது மழை தொடங்கியிருந்தது.

"யாரும் தொடாதீங்க! லேப் ஆளுங்க வரட்டும்!"

எட்ட நின்று டார்ச் அடித்தார். பலகைக்கும் அடித் தகரத்துக்கும் நடுவே, மண்ணும் கிரீசும் அப்பி, ஒரு எலும்புக்கூடு சுருண்டு கிடந்தது. இடுப்பில் ஏதோ மின்னியது.

வெள்ளி அரைஞாண்கொடி!

"சார்..." கலைமதி முன்னால் வந்தாள். "அது எங்கப்பா கொடி சார்!"

"உங்கப்பாவா? யாரும்மா அது?"

"மருதை. இவருகிட்ட இந்த லாரிய ஓட்டினவரு. ஓடிட்டாருன்னு எழுதிக் குடுத்துட்டு, லாரிய இவரு புளியமரத்தடியில போட்டுட்டாரு."

அழகர்சாமி சட்டென்று அவள் பக்கம் திரும்பினார்.

"நீ... நீ மருதை மகளா?"

"ஆமாங்கய்யா."

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினார்.

"உங்க டிரைவர். உங்க லாரி. உங்க புளியமரம். வேற யார் மேல சந்தேகப்படச் சொல்றீங்க? ஏறுங்க ஜீப்புல!"

"சார், சத்தியமா நான் இதுல யாரையும் வெக்கல சார்!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. ஏறுங்க!"

அழகர்சாமி தவித்தார். எலும்புக்கூட்டை மறுபடி எட்டிப் பார்த்தார். உற்றுப் பார்த்தார்.

அவர் முகத்திலிருந்த பயம் வடிந்தது... சிரிப்பே வந்துவிட்டது!

"சார்! இது மருதையே இல்ல!"

"எப்படிச் சொல்றீங்க?"

"இடுப்புல கொடி இருக்கே சார்! மருதைன்னா கொடி இருக்காதே!"

டார்ச் வெளிச்சம் எலும்புக்கூட்டை விட்டு அழகர்சாமியின் முகத்துக்கு வந்தது.

இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார்.

"ஏன்... இருக்காது?"

"அது... அவன் கொடி கட்டுற பழக்கம் இல்ல சார்."

"பொய்!" கலைமதி சீறினாள். "எங்கப்பா குளிக்கறப்பகூட அத அவுத்ததில்ல!"

"அழகர்சாமி, உங்க இடுப்புல கொடி இருக்கா?"

"இ... இருக்கு சார்."

"எனக்கும் இருக்கு. இத எப்ப அறுப்பாங்க?"

அழகர்சாமி வேட்டி முடிச்சை இறுக்கிக்கொண்டார்.

"கேக்கறேன்ல!"

"செ... செத்தப்புறம் சார். பொணத்தக் குளிப்பாட்டறப்ப..."

"அப்ப ஓடிப்போன டிரைவருக்கு அத அறுத்தது யாரு?"

அழகர்சாமி தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"நான்தான் சார்... கொடியோட புதைச்சா ஆவியா அலைவான்னு பயம். கொலை பண்ணத் துணிஞ்ச மனசு... சாஸ்திரத்த விடத் துணியல."

"ஏன் கொன்னீங்க?"

"குவாரியில வெடி வெடிச்சு ரெண்டு பேர் செத்தாங்க. மூடி மறைச்சேன். மருதை போலீசுக்குப் போறேன்னான். கடப்பாறையால ஒரே அடி..."

"உடம்பு எங்க?"

"குவாரி பழைய ஆபீஸ் ரூம்ல. தரைக்குக் கீழ. மேல சிமென்ட் பூசிட்டேன்."

கான்ஸ்டபிள் விலங்கை மாட்டி, அவரை ஜீப்பில் ஏற்றினார்.

கலைமதி லாரியின் பம்பரில் உட்கார்ந்து அழுதாள். அப்பா திருடரும் இல்லை, ஓடிப்போகவும் இல்லை. இதை அம்மாவிடம் இனி எந்த வாயால் சொல்வது? தெரியாமலே இருந்திருக்கலாமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

இன்ஸ்பெக்டர் ஜீப்பை நோக்கி நடந்தவர் சட்டென்று நின்றார்.

"ஒரு நிமிஷம்! மருதை மருங்காபுரியில இருக்கார்னா... இங்க கிடக்கறது யாரு?"

தைரியராஜ் கூரையைப் பார்த்தான்.

கலைமதி கண்ணைத் துடைத்தாள். லாரியில் ஏறினாள். மண்டை ஓட்டைக் கையில் எடுத்து, விரலால் தட்டினாள்.

டொக்... டொக்...!

"பிளாஸ்டிக் சார். ஸ்கூல் லேபுக்கு விக்கற கடையில வாங்கினது."

"என்னது?!"

"இந்த லாரிய ஒவ்வொரு நட்டாக் கழட்டிப் பாத்தேன் சார். ஒரு தடயம்கூட இல்ல. அதான் நானே ஒண்ணு வெச்சேன். தைரியாவ அலறச் சொன்னதும் நான்தான்."

"கொடி?"

"புதுசு வாங்கிக் கட்டினேன். அப்பான்னு நம்பிப் பயந்து ஒளறுவார்னு நெனச்சேன். நம்பாமப் போயி மாட்டுவார்னு எனக்கே தெரியாது சார்."

"அடிப்பாவி...!" ஜீப்புக்குள்ளிருந்து அழகர்சாமி அலறினார்.

"போலீஸ ஏமாத்தினதுக்கு உன் மேலயும் கேஸ் போடலாம், தெரியுமாம்மா?"

"போடுங்க சார். அம்மாகிட்ட சொல்லிட்டு வந்துடறேன்."

அறிவுமதி அவளைப் பார்த்தார். மண்டை ஓட்டைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார்.

"போன வாரம்தான் ஸ்டேஷன் வாசல்ல வரிசையா நின்னு, பிளாஸ்டிக்கை ஒழிப்போம்னு உறுதிமொழி எடுத்தோம்... என்னோடத நான் வாபஸ் வாங்கிக்கறேன்மா!"