மூன்றாம் மிதவை

சாத்தூரில் பஸ் ஏறி, விளாத்திகுளத்தில் மாறி, வேம்பாருக்குத் தெற்கே உடைமரக் காட்டுக்குள் காளீஸ்வரன் வந்து இறங்கியபோது சாயங்காலம் நாலு மணி இருக்கும். கையில் ஒரு ரெக்சின் பை. காலில் புதுச் செருப்பு, முதலாளி வாங்கிக் கொடுத்தது. பதினோரு வருஷம் பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவனுக்குக் கடல் என்றால் திருச்செந்தூரில் முங்கி எழுந்த கடல் மட்டும்தான் தெரியும். அவனைத்தான் கடற்கரையில் வாட்ச்மேனாகப் போட்டிருந்தார் முதலாளி சீனிவாசகம்.

அண்ணாச்சிக்கு இந்தக் கிறுக்குப் பிடித்த கதையைச் சிவகாசியே சிரித்துப் பேசியது. பட்டாசு ஆர்டர் பிடிக்க மலேசியா போனவர், வெள்ளைக்காரர்கள் பாய்மரப் படகில் உலகம் சுற்றுவதைப் பார்த்துவிட்டார். ராத்திரி ஆனால் படகைக் கட்டிப்போட்டுத் தூங்க அவர்களுக்கு ஓர் இடம் வேண்டியிருக்கிறது. இலங்கையிலிருந்து கொச்சிக்குப் போகிற படகுகள் ஒரு ராத்திரி நம்மிடம் தங்கட்டுமே என்று கரையை வளைத்துப் போட்டார். மரப்பாலம் நீட்டிய துறை, நல்ல தண்ணீர்த் தொட்டி, டைல்ஸ் ஒட்டிய குளியலறை, ஜெனரேட்டர், டீசல் பீப்பாய்கள். கடலுக்குள் ஒரு கூப்பிடு தூரத்தில் மூன்று மஞ்சள் மிதவைகள். அந்தக் காசுக்குக் காரியாபட்டியில் ஒரு கல்யாண மண்டபம் கட்டியிருந்தால் ஊருக்காவது உதவியிருக்கும்.

தூத்துக்குடிக்காரன் ஜெயச்சந்திரன்தான் அங்கே எல்லாம். வருகிற வெள்ளைக்காரர்களிடம் இங்கிலீஷ் பேசுவான், சின்னப் படகில் அவர்களைக் கரைக்குக் கூட்டி வருவான். காளீஸ்வரனுக்குப் பாலத்தின் நுனியில் நின்று விளக்கம் சொன்னான்.

"மிதவையோட வளையத்துல படகக் கட்டிக்கிட வேண்டியது. அதுக்கு அடியில சங்கிலி. சங்கிலி முனையில கடலடியில ஒரு கான்கிரீட் கல்லு, ரெண்டு டன்னு. லேசுல அசையாது. முத ரெண்டு கல்லு சமயத்துல லேசா நகரும். மூணாவது பிடிச்சுதுன்னா விடாது."

"அப்ப எல்லாரையும் அதுலயே கட்டச் சொல்ல வேண்டியதுதான?"

"சொல்லலாம். ஆனா அதுல கட்டுன யாரும் ரெண்டாவது ராத்திரி தங்குறதில்லண்ணே. தூக்கம் வரலயாம்."

காளீஸ்வரன் மிதவையிலிருந்து பார்வையை எடுத்துக்கொண்டான். அந்த மூன்றாவது கல்லுக்குள் என்ன இருக்கிறது என்று உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் முதலாளி. இன்னொருவன் அவன்.

போன புரட்டாசி, 2006. தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. ஓர் அறையில் நாலு பேர் உட்கார்ந்து மருந்து அடைப்பது சட்டம். எட்டுப் பேர் உட்காருவது சீசன். ஆபீசர் ஜீப் வருகிறது என்று தகவல் வந்தால் கூடுதல் ஆட்களைக் காட்டுக்குள் விரட்டிவிடுவார்கள். விரட்ட நேரமில்லை என்றால் பின்னாலிருக்கும் அட்டைப்பெட்டி குடோனில் அடைத்து வெளியே பூட்டு. மருந்து அறைகளுக்கு நாலு பக்கமும் வாசல் வைப்பதே தீப்பிடித்தால் ஓடத்தான். குடோனுக்கு ஒரே கதவு.

அன்றைக்குக் காய்ச்சலில் கிடந்த வேலுத்தாய்க்குப் பதிலாக அவள் மகள் செல்வலட்சுமி வேலைக்கு வந்திருந்தாள். பத்தொன்பது வயசு. காளீஸ்வரனுக்குத் தங்கச்சி முறை. எந்த நோட்டிலும் அவள் பேர் இல்லை. ஜீப் கேட்டுக்கு வந்துவிட்டது என்றதும் மற்றவர்கள் காட்டுக்குள் ஓடிவிட, பின்தங்கிய அவளை அவனே கையைப் பிடித்து இழுத்துப் போய்க் குடோனுக்குள் விட்டுப் பூட்டினான். பூட்டிய கொஞ்ச நேரத்தில் பக்கத்து அறையில் பற்றிக்கொண்டது. எல்லோரும் ஓடினார்கள். அவனும் ஓடினான். குடோன் கதவை அவள் தட்டுவதைக் கேட்டுக்கொண்டேதான் ஓடினான், சட்டைப் பையில் சாவியோடு.

எரிந்த அறையைச் சுற்றி ஊரே அழுதுகொண்டிருந்தபோது, வெடித்ததில் சரிந்த குடோனின் இடிபாடு பின்பக்கம் லாரியில் ஏறியது. அள்ளிப் போட்டவன் காளீஸ்வரன். செங்கலுக்கு நடுவே ஓர் உள்ளங்கை தெரிந்தது. அலுமினியப் பவுடர் ஏறி, வெள்ளியாக மின்னியது.

"மூடுலே," என்றார் சீனிவாசகம்.

மூடினான். லாரி இந்தக் கரைக்கு வந்தது. இடிபாடு சிமெண்டோடு குழைந்து மூன்றாவது கல்லாகி, கடலுக்குள் இறங்கியது. வேலுத்தாயிடம், உன் மகள் அன்றைக்கு வேலைக்கே வரவில்லை, எவனோடோ சாத்தூரில் பஸ் ஏறினாளாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பொய்க்கு ஆறு மாசம் ஆகிறது. உண்மையைச் சொன்னால் முதலாளி உள்ளே போவார், பூட்டியவனும் கூடவே போக வேண்டியதுதான்.

அன்று இருட்டுகிற நேரத்தில் ஒரு வெள்ளைப் படகு வந்தது. நியூசிலாந்துக் கிழவர் ஒருவர், அவர் மனைவி. காற்று பலமாக இருந்ததால் ஜெயச்சந்திரன் மூன்றாவது மிதவையிலேயே கட்டச் சொன்னான். அவர்கள் குளித்து, தண்ணீர் பிடித்துக்கொண்டு படகுக்குத் திரும்பினார்கள். கொஞ்ச நேரத்தில் படகு விளக்கு அணைந்தது.

காளீஸ்வரன் பாலத்தில் உட்கார்ந்து பீடியைப் பற்ற வைத்தான். காற்று நின்றிருந்தது. உப்பு வாடையும் கருவாட்டு வாடையும் இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு வாடை வந்தது. கந்தகம். ஈர மருந்து. பதினோரு வருஷம் மூக்கில் ஏறிய வாடை, தப்பாக இருக்க வழியில்லை.

பீடியைத் தூக்கிப் போட்டான்.

டொக். டொக். டொக்.

படகின் அடிப்பலகையை யாரோ தண்ணீருக்குள்ளிருந்து தட்டினார்கள்.

கொஞ்சம் விட்டு, மறுபடி மூன்று தட்டு.

படகில் விளக்கு எரிந்தது. விடியும்வரை அணையவில்லை.

காலையில் அந்த அம்மாள் முகம் வெளுத்துப்போய்க் கரைக்கு வந்தாள். ஜெயச்சந்திரனிடம் என்னவோ வேகமாகச் சொன்னாள். பிறகு காளீஸ்வரன் பக்கம் திரும்பி, தமிழே தெரியாத அந்த வாயால், குழந்தை பாடம் ஒப்பிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"தொறங்கண்ணே. தொறங்கண்ணே."

"ராத்திரி பூராம் கீழருந்து ஒரு பொண்ணு இதத்தான் சொல்லுச்சாம்," என்றான் ஜெயச்சந்திரன். "அர்த்தம் கேக்காங்க."

"அர்த்தமா? ஒண்ணும் கெடையாது. மீனு முட்டியிருக்கும்."

படகை முதல் மிதவைக்கு மாற்றிக்கொண்டார்கள். பீப்பாய்கள் காலியாகி, டீசல் மறுநாள்தான் வரும் என்பதால் அன்றைக்கே கிளம்ப முடியவில்லை. ஜெயச்சந்திரன் அதைச் சொல்லி வைக்கத் தூத்துக்குடிக்குப் போய்விட்டான்.

மத்தியானம் வெயில் சாய்கிற நேரத்தில் உடைமரக் காட்டு வழியாக ஒரு பொம்பளை நடந்து வந்தாள். நடையைப் பார்த்ததுமே காளீஸ்வரனுக்குத் தெரிந்துவிட்டது. வேலுத்தாய். ஆறு மாசத்தில் பாதி ஆளாக இளைத்திருந்தாள்.

"என்னய்யா காளி, இம்புட்டுத் தூரத்துல கொண்டாந்து போட்டுட்டாக? ஒன் பொண்டாட்டிதான் வழி சொன்னா."

"வாங்க சித்தி. மொதல்ல தண்ணியக் குடிங்க."

குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"மொதலாளி சொல்றத நான் நம்பல. ஊரு பேசறதயும் நம்பல. நீ அவளுக்கு அண்ணன். நீ சொன்னா நம்புவேன். அன்னைக்கு அவ கம்பெனிக்கு வந்தாளா?"

அவன் கடலைப் பார்த்தான்.

"செத்துருந்தாச் சொல்லிருய்யா. அழுதுட்டு, காரியத்தப் பண்ணிட்டு, கதவச் சாத்திப் படுத்துருவேன். ஆறு மாசமாத் தொறந்து போட்டுத்தான் படுக்கேன், எந்நேரம் வருவாளோன்னு."

இந்த ஒரு கேள்விக்கு ஒரு வார்த்தை போதும். காளீஸ்வரனுக்கு அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. கூடவே ஜெயிலும் வந்தது.

"அவ வரவே இல்ல சித்தி. இருக்கன்குடி அம்மன் சத்தியமா. எங்கயோ நல்லாத்தான் இருப்பா."

வேலுத்தாயின் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். பாவி மகள் எவனோடோ ஓடித்தான் போயிருக்கிறாள் என்பது அவளுக்கு அம்புட்டுச் சந்தோஷமாக இருந்தது. மடியிலிருந்து இருக்கன்குடித் திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து அவன் நெற்றியில் பூசினாள். "நீயும் ஒம் பிள்ளைகளும் நல்லா இருக்கணும்யா," என்று கன்னத்தை வழித்தாள். அவன் அதையும் வாங்கிக்கொண்டு நின்றான்.

கடைசி பஸ் போய்விட்டிருந்தது. காலையில் போகலாம் என்றான். ஒரு குளியல் போட்டால் தேவலை என்றாள் அவள். வெள்ளைக்காரர்களுக்குக் கட்டிய குளியலறையைத் திறந்துவிட்டு, அவன் வெளியே அடுப்பு மூட்டினான். பொழுது அடைந்தது.

உள்ளே தண்ணீர் விழும் சத்தம் நின்றது.

ஜெனரேட்டர் இரண்டு முறை விக்கி, நின்றது.

மருந்து வாடை.

"காளி," என்றாள் வேலுத்தாய் உள்ளேயிருந்து. "கதவு வரமாட்டேங்குதுய்யா."

"தாழ்ப்பாளத் தள்ளுங்க சித்தி."

"தாழ்ப்பா போடவே இல்லயே."

அவன் தோளைக் கொடுத்து முட்டினான். தகரக் கதவு சுவர் மாதிரி நின்றது. தொட்ட கை சுட்டது. கதவின் அடியிலிருந்து தண்ணீர் வழிந்து அவன் காலை நனைத்தது. கடல் தண்ணீர். பாசி நாற்றம்.

"காளி." இப்போது குரல் மிகவும் தணிந்திருந்தது. "உள்ள இன்னொரு ஆளு நிக்கிது."

"யாரு?"

"தெரியல. எங் கையப் பிடிச்சிருக்கு. சில்லுன்னு இருக்கு."

டொக். டொக். டொக்.

தட்டியது ஒரு கை இல்லை, இரண்டு பேர் கை.

"தொறங்கண்ணே," என்றது உள்ளிருந்து வேறொரு குரல், அவன் காதுக்கு நேரே.

காளீஸ்வரன் அலறினான். "நான்தான் பூட்டுனேன்! குடோனுக்குள்ள வச்சு நான்தான் பூட்டுனேன்! தட்டத் தட்ட ஓடுனேன். மண்ணோட அள்ளி, கல்லுல போட்டு, கடல்ல எறக்கிட்டோம். போதுமா? போதுமாடி?"

கதவு தானாகத் திறந்தது.

வேலுத்தாய் மட்டும்தான் வெளியே வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவளுடைய மணிக்கட்டில் ஐந்து விரல் தடம், வெள்ளியாக மின்னியது. அவள் அழவில்லை, ஏசவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை.

"எந்தக் கல்லு?" என்று கேட்டாள்.

அவன் கை நீட்டினான். மூன்றாவது மிதவை இருட்டில் மங்கலாக ஆடிக்கொண்டிருந்தது.

அவள் பாலத்தில் நடந்தாள். நுனியில் நிற்காமல் இறங்கினாள். கிணற்றில் நீந்திப் பழகிய பொம்பளை. கொஞ்ச தூரம் கை வீசும் சத்தம் கேட்டது. முதல் மிதவையில் வெள்ளைக்காரர்களின் படகு நின்றது, விளக்கும் எரிந்தது. ஒரு சத்தம் கொடுத்தால் போதும், கிழவர் குதித்துத் தூக்கியிருப்பார். சத்தம் கொடுக்கத்தான் காளீஸ்வரன் வாயைத் திறந்தான். உண்மை தெரிந்த மூன்றாவது ஆள் அவள் ஒருத்திதான் என்ற நினைப்பு அப்போது வந்தது. வாயை மூடிக்கொண்டான்.

மஞ்சள் மிதவை ஒருமுறை முழுசாகத் தண்ணீருக்குள் போனது. பிறகு மேலே வந்தது.

காலையில் ஜெயச்சந்திரன் வந்ததும், ஊரிலிருந்து வந்த சித்தி பாலத்தில் கால் கழுவப் போய்த் தவறி விழுந்துவிட்டாள் என்று காளீஸ்வரன் சொன்னான். போனில் முதலாளியிடம் மட்டும் நடந்ததைச் சொன்னான். "நல்லதாப் போச்சுலே," என்றார் சீனிவாசகம். "கொஞ்ச நாளைக்கு அங்கனயே கெட. ஊர்ப்பக்கம் தலையக் காட்டாத."

உடம்பைத் தேட, சங்கு குளிக்கிற சோணைமுத்துவைக் கூட்டி வந்தார்கள். மூன்றாவது மிதவையில் சங்கிலியைப் பிடித்து இறங்கியவர், இறங்கிய வேகத்தில் மேலே வந்தார். பாலத்தில் உட்கார்ந்து வெகுநேரம் மூச்சு வாங்கினார்.

"அந்தம்மா அங்க இல்ல," என்றார். "கல்லு ரெண்டாப் பொளந்து கெடக்கு. நடுவுல ஒரு ஆளு ஒடுங்கிக் கெடக்குற அளவுக்குக் குழி. குழியில ஒண்ணுமில்ல."

"சங்கிலி இழுத்து ஒடஞ்சிருக்குமோ?" என்றான் ஜெயச்சந்திரன்.

"நாப்பது வருசமாக் கடல்ல கெடக்கேன் தம்பி. அது உள்ளருந்து ஒடச்சது."

டீசல் வண்டி வந்ததும் வெள்ளைப் படகு கிளம்பிவிட்டது. ஜெயச்சந்திரன் சம்பளத்தைக்கூடக் கேட்காமல் அதே வண்டியில் ஏறிக்கொண்டான். சோணைமுத்து திரும்பிப் பார்க்காமல் நடந்தார். வேலுத்தாயின் உடம்பு எந்தக் கரையிலும் ஒதுங்கவில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே காளீஸ்வரன் வாட்ச்மேன் அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டான். மனசு அடங்கவில்லை. அன்று வண்டியில் வந்து மூலையில் கிடந்த நிறை பீப்பாயை உருட்டிவந்து கதவுக்கு முட்டுக் கொடுத்தான். டீசல் பீப்பாய். பதினோரு வருஷம் பட்டாசுக் கம்பெனியில் இருந்தவன் செய்கிற காரியமா அது? பயம் வந்தால் படித்த பாடமெல்லாம் மறந்துபோகும். பீப்பாயில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, தட்டும் சத்தத்துக்காகக் காத்திருந்தான்.

யாரும் தட்டவில்லை. வெகுநேரம் கழித்து, இனி வராது என்று நெஞ்சு லேசானது.

அப்போது மணலில் ஈரக்கால் சத்தம் கேட்டது. இரண்டு பேர். அவசரமில்லாத நடை.

கதவுக்கு வெளியே வந்து நின்றார்கள். அப்போதும் தட்டவில்லை.

அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது. ஆனால் வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் நிதானமாக இழுபடுவதையும், பூட்டு ஒன்று விழுந்து சாவி திரும்புவதையும் காளீஸ்வரன் தெளிவாகக் கேட்டான். பிறகு ஈரக்கால்கள் துறைப் பக்கம் நடந்து போயின.

அறைக்குள் மெல்லப் புகை ஏறத் தொடங்கியது.