இருவருக்கு மட்டும்

விடுதியின் கண்ணாடிக் கதவைத் தள்ளும்போதே சல்லிசுக்கு வாயெல்லாம் பல். கல்யாணமான நாளிலிருந்து மனைவி வீட்டார் அவனுக்கு வைத்த பெயர் அது. எதையும் சல்லிசாக முடிக்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. இந்த வெளிநாட்டுப் பயணத்துக்காக அவன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பல் தேய்க்கும் முன்பே இணையதளங்களில் அறை வாடகையை ஒப்பிடுவான். மனைவியின் போனில் விலை குறைவாகக் காட்டுகிறது என்று அதையும் பிடுங்கிக்கொண்டான். சீசன் முடியட்டும் என்று காத்திருந்தான். கடைசியில் விடுதிக்கே நேராகப் போன் போட்டு, பேசிப் பேசியே பாதி விலைக்குப் பிடித்துவிட்டான்.

ஒரே ஒரு நிபந்தனை. அறை இருவருக்கு மட்டும்.

வந்ததோ மூன்று பேர். சல்லிசு, நர்ஸாக வேலை பார்க்கும் அவன் மனைவி, வேலைக்கான நேர்காணலுக்கு வந்திருந்த அவளுடைய தம்பி.

"மாப்ள, நீ வெளிய நின்னு ஒரு டீ குடி. நான் போன் பண்ணதும் பின்பக்கமா மேல வந்துடு. ஊர்ல யாரும் செய்யாததையா செய்றோம்?"

"வேணாங்க, மாட்டினா அசிங்கம்," என்றாள் அவள். அவளுக்கு வயிற்றைப் புரட்டியது. விமானத்திலும் வாந்தி எடுத்தாள். ஓசிச் சாப்பாட்டை ஒரு கட்டு கட்டியதால் வந்த வினை என்றான் சல்லிசு. உண்மையான காரணம் அவளுக்கும் தம்பிக்கும் மட்டும் தெரியும். கணவனிடம் இந்தப் பயணத்தில் நல்ல நேரம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று அவள் ஆசையாக வைத்திருந்தாள்.

வரவேற்பில் இருந்த தமிழ்ப் பெண் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. கால்களையே பார்த்தாள்.

"ரெண்டு பேர்தானே?"

"ஆமா."

"இப்பவே சொல்லிடுங்க. நான் கேக்கறதோட சரி. அறை எண்ணிப் பாக்கும்."

"அறைக்கு அவ்வளவு படிப்பா மேடம்?" என்று சிரித்தான் சல்லிசு. அவள் சிரிக்கவில்லை.

அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் உச்சிவெயில் நேரத்திலும் கும்மிருட்டு. இரண்டு தலையணை, இரண்டு துண்டு, இரண்டு ஜோடி செருப்பு. ஈரத்துணி நாற்றத்துக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. அவசர சிகிச்சைப் பிரிவில், தரையைத் துடைப்பதற்கு முன்னால் வரும் வாடை. சல்லிசோ ஏசி வாடை என்றான். தம்பி சத்தமில்லாமல் வந்து கட்டிலை ஒட்டித் தரையில் போர்வையை விரித்தான். ராத்திரி முழுக்கப் பறந்த களைப்பு. விளக்கை அணைத்ததும் மூவரும் அடித்துப் போட்டாற்போல் தூங்கினார்கள்.

கால் கட்டைவிரலை எதுவோ தொட்டதில் அவள் விழித்தாள்.

ஐஸ் போன்ற ஒரு விரல்.

"ஒண்ணு."

குரல் தரையோரத்திலிருந்து வந்தது. விரல் மெல்ல மேலேறி அவள் அடிவயிற்றில் நின்றது.

"ரெண்டு."

பக்கத்தில் சல்லிசின் குறட்டை சட்டென்று நின்றது.

"மூணு."

பிறகு கீழே, தம்பி இருந்த இடத்தில்.

"நாலு."

தம்பி அலறினான். சல்லிசு தடவித் தடவி விளக்கைப் போட்டான். தம்பி இடுப்புவரை கட்டிலுக்கு அடியில் போயிருந்தான். உள்ளே இருந்த எதுவோ அவனை இழுத்து இழுத்துக் கட்டில் விளிம்பில் மோதியது. மண்டை பிளந்து ரத்தம் சுவரில் தெறித்தது. தொடை எலும்பு முறிந்த சத்தம் அவளுக்குத் துல்லியமாகக் கேட்டது. பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அக்கா, விட்டுடாதக்கா!"

இழுத்த இழுப்பில் அவன் தோள்மூட்டு கழன்றது. அப்போதும் அவள் விடவில்லை.

"நாங்கதான் பதிவு பண்ணவங்க!" என்று கட்டிலுக்கு அடியைப் பார்த்துக் கத்தினான் சல்லிசு. "இவன்தான் கூடுதல்! இவன எடுத்துக்க!" பிறகு அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

தம்பி போய்விட்டான்.

கட்டிலுக்கு அடியில் வெறும் தரை. சுவரில் இருந்த ரத்தத்தைச் சுவரே உறிஞ்சிக்கொண்டது. அவள் கதவை உடைக்காத குறையாகத் தட்டினாள். அது அசையவில்லை.

"அழாதடி. என்ன செய்ய? இப்பத்தான் கணக்கு சரியா இருக்கு," என்றான் சல்லிசு, மூச்சு வாங்க. அப்படியும் ஒரு மனிதன்!

விளக்கு தானாக அணைந்தது.

"ஒண்ணு." அவள் கால்விரல்.

"ரெண்டு." அவள் அடிவயிறு.

"ரெண்டாவது நான்தானே? என்னடி இது?" என்று கிசுகிசுத்தான்.

"நான் முழுகாம இருக்கேங்க."

"மூணு."

சல்லிசு தரையில் விழும் சத்தம் கேட்டது. அவன் கை இருட்டில் துழாவி அவள் தலைமுடியைப் பற்றிக்கொண்டது.

"நான் வேணாம்! அவ வயித்துல இருக்கறத எடுத்துக்க! அது இன்னும் பொறக்கவே இல்ல!"

அதுவரை அழுதுகொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"நானும் என் பிள்ளையும் ரெண்டு பேர்," என்றாள் இருட்டைப் பார்த்து. "இந்த ஆள்தான் கூடுதல்."

அவன் விரல்களைத் தன் முடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சுண்டுவிரல் மட்டும் அடம்பிடித்தது. அதை ஒடித்தாள். பிறகு விலா எலும்புகள் நொறுங்கும் சத்தத்தைக் காதைப் பொத்தாமல் கடைசிவரை கேட்டாள்.

கதவு தானே திறந்தது. கீழே, வரவேற்பில் இருந்த பெண் அவள் கால்களைப் பார்த்தாள்.

"ரெண்டு பேர்தானே?"

"ஆமா."

இப்போது பிள்ளை நடக்கிறது, மழலை பேசுகிறது. அவள் யாரையும் தன் வீட்டில் தங்க விடுவதில்லை. பெற்ற தாய் வந்தாலும் சாயங்காலமே பஸ் ஏற்றிவிடுகிறாள். விளக்கை அணைத்தால் போதும், அந்தச் சில்லிட்ட விரல் வந்துவிடுகிறது. அவள் காலில் ஒண்ணு. பிள்ளையின் காலில் ரெண்டு. கணக்கு சரியாக இருப்பதால் அவள் மூச்சுவிட்டுக் கண்ணை மூடுவாள்.

நேற்று அந்தி சாயும் நேரத்தில் கரண்ட் போனது. குரல் வழக்கம்போல எண்ணி முடித்தது. பிள்ளை எழுந்து உட்கார்ந்து, குரல் வந்த பக்கம், கட்டிலின் கால்மாட்டைக் கைகாட்டிச் சிரித்தது.

"அம்மா... மூணு."