மாடியிலிருந்து கேட்டால்

மூட்டை தூக்கி முதுகு போன பிறகு, அப்பா சந்தை முனையில் காசுக்குத் தாளம் கொட்டப் போனார். மேளம் வாங்க வசதி ஏது? காலி பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துக்கொண்டார். சித்திக்கு எண்ணெய் டின். ஒன்பது வயது மகளுக்கு இரும்பு வாணலியும் இரண்டு கரண்டிகளும்.

“நானும் கொட்டறேன்” என்று ஒரு வருஷம் கெஞ்சி வாங்கிய வாணலி அது. ஒரே வாரத்தில் தெருவே அவளுக்கு ‘டமாரம்’ என்று பெயர் வைத்துவிட்டது.

அன்று மதியம் மாடி ஜன்னல் படாரென்று திறந்தது.

“யோவ்! நிறுத்தப் போறீங்களா, இல்லையா?”

கத்தியவர் ரொட்டிக்காரர். இரவெல்லாம் பேக்கரியில் மாவு பிசைந்துவிட்டுப் பகலில் தூங்குபவர்.

சத்தம் கேட்டுச் சந்தைக் காவலாளியும் வந்துவிட்டார். “இது ரெண்டாவது புகார். இன்னொண்ணு வந்துச்சு, இடத்தைக் காலி பண்ண வேண்டியதுதான்.”

ஏற்கெனவே மூன்று முனைகளில் விரட்டப்பட்டவர்கள் அவர்கள். இதை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. கொட்டினால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

“பகல்ல என்ன தூக்கம் அந்த மனுஷனுக்கு?” என்று முணுமுணுத்தாள் சித்தி.

“ராத்திரி பூரா உழைக்கறவன் பின்ன எப்பத்தான் தூங்குவான்?” என்றார் அப்பா. “நான் மூட்டை தூக்கிட்டு வந்து படுக்கறப்ப, பக்கத்து வீட்டு ரேடியோவுக்கு நீ எத்தனை சண்டை போட்டிருக்கே?”

சித்தி எண்ணெய் டின்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

டமாரம் யோசித்தாள். கீழேயே உட்கார்ந்திருந்தால் மேலே எப்படிக் கேட்கிறது என்று யாருக்குத் தெரியும்? விறுவிறுவென்று மாடிப்படி ஏறினாள்.

கதவைத் திறந்த ரொட்டிக்காரரின் கண்கள் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தன. காது மடலில் இன்னும் மாவு.

“மன்னிச்சுக்குங்க மாமா. எங்க சத்தத்துல எது உங்களை எழுப்புது?”

“எல்லாமேதான்!”

“ஒவ்வொண்ணா அடிக்கச் சொல்றேன். நீங்க படுத்துக்கிட்டே கேளுங்க.”

சண்டை போடக்கூட அவருக்குத் தெம்பில்லை. படுத்தார். அவள் ஜன்னல் வழியாக விஷயத்தைக் கத்திச் சொல்லிவிட்டுக் கையை ஆட்டினாள்.

தொம்... தொம்... என்றது வாளி.

“எங்க மாவு மிஷினும் இப்படித்தான். இருபது வருஷமாக் கேக்கறேன். இது என்னை ஒண்ணும் பண்ணாது” என்று கொட்டாவி விட்டார்.

டகடகவென்றது டின்.

“ஜன்னலைச் சாத்தினாப் போதும்.”

அடுத்து, சித்தி வாணலியைத் தட்டினாள். ணங்!

ரொட்டிக்காரர் துள்ளி எழுந்தார். “அதேதான்! மண்டைக்குள்ள ஆணி அடிக்கற மாதிரி! யாரு அதை அடிக்கறது?”

டமாரத்தின் முகம் சுண்டிப்போனது. ‘சித்தி’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டாள்.

“நான்தான் மாமா.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“நாலு மணிக்கு எழுந்துடுவேன். அதுக்கப்புறம் நீ இடியையே இறக்கு, எனக்கென்ன?”

நாலு மணிவரை சும்மா உட்கார அவளால் ஆகுமா? கீழே இறங்கி, பக்கத்துச் செருப்புக் கடைக்காரரிடம் ஒரு பெரிய அட்டைப்பெட்டியும் துடைப்பமும் கேட்டு வாங்கினாள். பெட்டியைக் கவிழ்த்து, துடைப்பத்தால் தேய்த்தாள்.

சரக்... சரசர... சரக்...

தூரத்து மழைபோல் இருந்தது. அப்பாவும் சித்தியும் கையை மெல்ல இறக்கி அதோடு சேர்ந்துகொண்டார்கள்.

“அட, டமாரம் தூறல் போடுதே!” என்றாள் சித்தி.

எப்போதும் தள்ளி நின்று பார்ப்பவர்கள் இன்று கிட்டே வந்தார்கள். சத்தம் சின்னதாக இருந்தால் பக்கத்தில் வந்துதானே கேட்க வேண்டும்?

மணி நாலு. மாடி ஜன்னல் திறந்தது. டமாரம் வாணலியை எடுத்து, ஆசை தீர ஒரு போடு போட்டாள். ணங்!

ரொட்டிக்காரர் சிரித்தார். கையிலிருந்த தேநீர்க் கரண்டியால் அவரும் ஜன்னல் கம்பியைத் தட்ட ஆரம்பித்தார்.

ஒரு தட்டுகூடத் தாளத்தோடு சேரவில்லை. ஆனால் யாரும் புகார் கொடுக்கவில்லை.